தொழுவத்தின் குறுக்கே ஒரு தடுப்பு

கசநோய்க்கு மருந்து கண்டதாக 1890ஆம் ஆண்டில் பேர்லின் நகரத்து அறிஞர் றொபேட் கொக் உலகுக்கு அறிவித்தார். ரியூபர்க்குலின் என்னும் அத்திரவம் நோயைத் தீர்க்கவில்லை. ஆயினும், மனிதருக்கு மருந்தாகத் தோற்ற அது, மாட்டுக்குச் சோதனைக் கருவியாக வென்றது. நோய்க்கிருமி புகுந்த மாட்டுக்கு அதனைத் தோலின்கீழ் ஏற்றினால், சில மணி நேரத்தில் உடல்வெப்பம் உயரும். நோயற்ற மாடு வழமைபோல் நிற்கும்.

இதன் பயனை நன்குணர்ந்தவர் டென்மார்க் நாட்டின் மிருகவைத்தியப் பேராசிரியர் பேர்ண்ஹாட் பாங். 1892இல் பண்ணையொன்றின் மந்தை முழுவதையும் அவர் சோதித்தபோது, கறவைப் பசுக்களில் பெரும்பாலானவை நோய் தொற்றியவை எனத் தெரியவந்தது. அவற்றுட் பல கண்ணுக்குக் குறையின்றிக் கொழுத்து, நன்றாகக் கறந்துகொண்டிருந்தவை. அனைத்தையும் கொல்வதென்றால் பண்ணையே அழியும். வெண்ணெய் விற்று வாழ்ந்த நாட்டில் அது சிறிய காரியமன்று.

பாங் கொல்லச் சொல்லவில்லை, பிரிக்கச் சொன்னார். தொழுவத்தின் குறுக்கே ஒரு தடுப்பு எழுந்தது. ஒருபுறம் நோயுற்றவை, மறுபுறம் நலமானவை. இருபுறத்துக்கும் வெவ்வேறு பணியாளர். நோயுற்ற பசுவின் கன்றும் பெரும்பாலும் நோயின்றியே பிறக்கும் என்பதே அவர் முறையின் அடித்தளம். ஆகவே கன்று தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, காய்ச்சிய பாலில் வளர்க்கப்பட்டது. நலமான பகுதி மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டது. புதிதாக நோய் காட்டிய மாடு அன்றே மறுபுறம் சென்றது. இவ்வாறு, ஆண்டுகள் செல்லச் செல்ல, பழைய மந்தையின் வயிற்றிலிருந்தே புதிய மந்தை பிறந்தது. பொறுமையுள்ளவருக்கே ஏற்ற முறை இது.

ஆனால் ஒரு பண்ணையின் தடுப்பு அயற்பண்ணையின் பாலைத் தடுக்காது. கூட்டுறவுப் பாற்சாலையில் எல்லார் பாலும் ஒன்றாய்க் கலந்தது. ஆடை நீக்கிய பால் கன்றுகளுக்கென வீடு திரும்பியபோது, ஒருவர் மாட்டின் நோய் ஊரெங்கும் போயிற்று. அப்பாலை 85 பாகை சென்ரிகிறேட்டுக்குச் சூடாக்கிய பின்னரே திருப்ப வேண்டும் என 1898இல் சட்டம் பிறந்தது. மடியில் கசநோய் கண்ட பசுக்கள் மட்டும் நட்டஈட்டுடன் கொல்லப்பட்டன.

மாட்டுக் கசநோய் மனிதருக்குப் பெரிதும் ஆபத்தன்று என 1901இல் இலண்டன் மகாநாட்டில் கொக் கூறினார். பிரித்தானிய அரச ஆணைக்குழு பத்தாண்டுகள் ஆராய்ந்து, அது தவறென நாட்டியது. பாலைக் குடித்த குழந்தைகளே அதற்குப் பெரும்பாலும் இரையாயினர்.

அமெரிக்க ஐக்கிய நாடு வேறு வழி சென்றது. 1917இல் அங்கு தொடங்கிய இயக்கம், சோதனையில் அகப்பட்ட மாட்டைக் கொன்று, விலையின் ஒரு பகுதியை ஈடாகக் கொடுத்தது. விளைபொருள் விலைகள் வீழ்ந்த 1931இல், அயோவா மாநிலத்துச் சீடர் மாவட்ட விவசாயிகள் சோதனைக்கு வந்த மிருகவைத்தியர்களை விரட்டினர். அவர்களை அறிவிலிகள் என ஒதுக்குவது எளிது. நலமாய்த் தோன்றும் பசுவைக் குறைந்த ஈட்டுக்கு இழப்பவனின் கணக்கு வேறு. ஆளுநர் டான் ரேணர் அவ்வாண்டு செப்டெம்பரில் படையினரை அனுப்பினார். துப்பாக்கிகளின் காவலில், பட்டி பட்டியாக எஞ்சிய மாடுகளுக்கு ஊசி ஏற்றப்பட்டது.