தர்ம ஸ்தாபனமும் மாணாக்கரும்

இங்கிலாந்தில் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் கற்கும் மாணாக்கர், வகுப்பறையை விட்டுச் சில காலம் முதியோர் இல்லத்திலோ, அங்கஹீனருக்கு உதவும் தர்ம ஸ்தாபனத்திலோ வேலை பார்த்துப் பயில்வது நீண்டகால வழக்கம். பாடத்துக்கு அனுபந்தமாகப் பிற்காலத்தில் சேர்ந்தது இது என்று நினைப்பவர் பலர். சரித்திரம் சொல்வது நேர்மாறு: வேலைதான் முந்தியது, பள்ளிக்கூடம் அதன் வயிற்றில் பிறந்தது.

1865-ஆம் ஆண்டில், எழுத்தாளர் ஜான் ரஸ்கின் தம் பிதுரார்ஜிதத்திலிருந்து கொடுத்த பணத்தைக் கொண்டு, லண்டன் மேரில்போன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்ற சந்தில் இடிந்து அழுக்கேறிக் கிடந்த மூன்று வீடுகளின் நிர்வாகத்தை ஆக்டேவியா ஹில் அம்மையார் ஏற்றார். போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ரஸ்கினுக்குச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. வாரந்தோறும் வாசற்படி ஏறி வாடகை வாங்குவது, வாங்கும்போதே ஒழுகும் கூரையையும் அடைபட்ட சாக்கடையையும், சுரத்தில் கிடக்கும் குழந்தையையும் கண்ணால் பார்த்துவருவது, ரிப்பேருக்கென்று ஒதுக்கிய தொகையில் மீதப்பட்டால் அதைக் குடியிருப்போர் விரும்பிய சௌகரியத்துக்கே செலவிடுவது, வேலையற்ற காலத்தில் அந்த ரிப்பேர் வேலையையும் அவர்களுக்கே கொடுப்பது என்று அவருடைய முறை அமைந்திருந்தது. பாக்கி வைத்தவரை அவர் மன்னித்ததில்லை; இந்தக் கண்டிப்பு சில சமயம் கொடுமையாகவே இருந்திருக்கும். ஆயினும், வீடுகள் பெருகப் பெருக உதவிக்கு வந்த பெண்களைக் கணக்குப் புஸ்தகத்தோடு தம்முடன் அழைத்துச் சென்று, எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்கலாகாது என்று அந்த இடத்திலேயே கற்பித்தாரே, அதுதான் இந்தக் கல்வியின் ஆதி பாடம் என்பது என் துணிபு.

1887-இல் லண்டனின் ஸதர்க் பகுதியில் பெண்களின் சர்வகலாசாலைக் குடியிருப்பு ஏற்பட்டது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் படித்த பெண்கள் ஏழைகளின் நடுவே தங்கி ஊழியம் செய்தார்கள். ஹில் அம்மையாரிடம் வாடகை வசூல் பயின்றவர்களும் அவர்களில் உண்டு. நல்லெண்ணம் மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்பதை அனுபவத்தில் உணர்ந்து, அங்கேயே பிரசங்கங்களும் பாடத்திட்டமும் வகுத்துக்கொண்டார்கள். 1869-இல் தோன்றிய தர்ம அமைப்புச் சங்கம் இம்முயற்சியில் சேர்ந்துகொண்டு, 1903-இல் சமூகவியல் பள்ளி ஒன்றை நிறுவியது. 1912-இல் அது லண்டன் பொருளாதாரப் பள்ளியோடு இணைந்தது. உதவிக்குத் தகுந்த ஏழை, தகாத ஏழை என்று மனிதரைத் தரம் பிரித்த அந்தச் சங்கத்தின் மனப்பான்மை எனக்கு உவப்பானதன்று.

அந்த மனப்பான்மையையே வேலை எப்படித் திருத்தியது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பணமிருந்தும் இலவச வைத்தியம் பெறுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் பொருட்டு, 1895-இல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரிக்கு அச்சங்கம் மேரி ஸ்டூவர்ட் அம்மையாரை மூன்று மாதப் பரீட்சார்த்தமாக அனுப்பியது. புற நோயாளிகள் பகுதியில் திரையிட்டு மறைத்த ஒரு மூலையில் அமர்ந்து ஒவ்வொருவரையும் விசாரித்த அவர் கண்டது வேறு. ஏமாற்றுவோர் சொற்பம், மருந்துச் சீட்டோடு வீடு திரும்பி அங்கே உண்ண ஒன்றுமில்லாதவரே அநேகர். வயிற்றுக்கில்லாதவனுக்கு மருந்து என்ன செய்யும்? காவல் பார்க்க வந்தவர், போஷணைக்கும் தங்குமிடத்துக்கும் வழி தேடித்தரும் உத்தியோகம் ஒன்றையே சிருஷ்டித்துவிட்டார். 'ஆல்மனர்' என்று பெயர் பெற்ற அந்த உத்தியோகத்துக்குப் பெண்களைத் தேர்ந்து பயிற்றுவிக்க 1907-இல் தனிச் சபையும் அமைந்தது.

இந்தக் கதையில் நம் தேசத்துக்கும் பங்கு உண்டு. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் வறுமையைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தவர் ஸர் ரத்தன் டாட்டா. அவருடைய சகோதரர் ஸர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் 1936-இல் பம்பாயில் தொடங்கிய சமூகப் பணிப் பள்ளியோ, கிளிஃபர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்கப் பாதிரியார் நாக்பாடாத் தொழிலாளர் வட்டாரத்தில் நடத்திவந்த சேவை இல்லத்திலேயே இடம் பெற்றது; மாணாக்கர் தெருவில் இறங்கினால் பாடம் எதிரே நின்றது. சென்னையில் 1952-இல் சமூகப் பணிப் பள்ளியைத் தோற்றுவித்த மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரும், அதற்கு முன் பல்லாண்டுகள் கில்டு ஆஃப் சர்வீஸ் என்ற தர்ம ஸ்தாபனத்தில் உழைத்தவரே.