மூன்று சதவீதத்துக்கு அப்பால்: புறக்கோட்டைக் கடைகளும் மாற்றுத்திறனாளிகளுக்கான அரச ஆதரவும்

அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்குமாறு 1988 ஆம் ஆண்டின் 27/88 இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை பணித்தது. இலங்கையில் இவர்களது தொழிலுரிமை பற்றிய வாதங்கள் பெரும்பாலும் இந்த எண்ணையே சுற்றி வருகின்றன. ஒதுக்கீடு முழுதும் நிரம்பினாலும், அரச உத்தியோகத்துக்குரிய கல்வித் தகைமை இல்லாத கொழும்பு வறியவருக்கு அதனால் பயனில்லை. ஆதரவு, வேலை இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அத்தகைய இடம் கொழும்பின் வணிகப் பகுதியான புறக்கோட்டை. கெய்சர் வீதித் துணிக்கடைகளிலும் குறுக்குத் தெருக்களின் மொத்த வியாபாரக் கடைகளிலும் ஆள் சேர்ப்பது பெரும்பாலும் தெரிந்தவர் மூலமே. விற்கிற பையனே மேல்மாடியிலிருந்து மூட்டையும் இறக்க வேண்டும். காது கேளாதவர் பொதி கட்டலாம்; நடக்க இயலாதவர் கணக்கு எழுதலாம். வேலையைப் பிரித்துக் கொடுத்தால்தான் இது நடக்கும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு ஆட்சேர்ப்பில் பாரபட்சத்தைத் தடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் மேல் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் விளம்பரமும் விண்ணப்பமும் இல்லாத இடத்தில் மறுப்பை எப்படி நிரூபிப்பது? தடை மட்டும் போதாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016 இல் உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 27 ஆம் உறுப்புரையும், ஊக்குவிப்புகள் உள்ளிட்ட வழிகளால் தனியார் துறை வேலைவாய்ப்பை வளர்க்கச் சொல்கிறது.

இந்தியா 2008 இல் ஒரு வழியைத் தொடங்கியது: மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் மாற்றுத்திறனாளி ஊழியருக்காக முதலாளி செலுத்த வேண்டிய வருங்கால வைப்புநிதி, காப்புறுதிப் பங்குகளை அரசு மூன்றாண்டு ஏற்றது. இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் முதலாளியின் பங்கு. நியமனக் கடிதம் கொடுத்தால் இந்த 15 சதவீதத்தையும் அரசு மூன்றாண்டு ஏற்கலாம். ஒருவரை இந்த நிதிகளில் பதிந்தால் மற்ற ஊழியர்களையும் பதிய நேருமே என்று கடைக்காரர் தயங்குவார். ஆகவே, தாமாகப் பதிய முன்வரும் சிறு கடைகளிடம் பழைய நிலுவைக்கான மேலதிகக் கட்டணத்தைத் தளர்த்துவதும் திட்டத்தோடு சேர வேண்டும்.

உளநோய்க்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. சலுகை பெறச் சான்றிதழைக் காட்டினால் நோய் கடைக்குத் தெரிந்துவிடும், வேலையே போகலாம். அந்நோய் பலருக்கு விட்டுவிட்டு வருவது. தேவைப்படுவது கிளினிக் நாளில் விடுப்பும், தடுமாறும்போது பேச ஓர் ஆளும். 1990களில் அமெரிக்காவில் உருவான தனிநபர் வேலை ஆதரவு முறை, நீண்ட முன்பயிற்சியில் காக்க வைக்காமல் வழக்கமான வேலையில் அமர்த்தி, பின்னும் துணை நிற்கிறது. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தோடு இணைந்த வேலைத் துணையாளர் சேவைக்கு அரசு பணம் ஒதுக்கலாம். முதலாளியிடம் சொல்வதா இல்லையா என்பதை ஊழியரே தீர்மானிக்கட்டும்.

எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர் என்பது இத்திட்டத்தின் அளவுகோலாக இருக்கக் கூடாது. மூன்றாண்டு உதவி முடிந்தபின், நான்காம் ஆண்டிலும் எத்தனை பேரின் சேமலாபக் கணக்கில் முதலாளியே பணம் கட்டுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.