வாயுப் பீரங்கியின் கதை

மாங்காயைப் பழுக்க வைக்கச் சிலர் சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்தும் கார்பைடு கல்லை வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து மாணவர்களும் அறிவார்கள். அக்கல் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயுவைத் தரும் என்று 1862-இல் கண்டவர் ஜெர்மானிய வேதியியலறிஞர் வோலர். 1892-இல் வில்சன் அதை மின்உலையில் பெருமளவில் தயாரிக்க வழி கண்டார். சுரங்க விளக்குகளுக்கு அது எரிபொருளாயிற்று. 1907-இல் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் வைலி, இவ்வாயுவால் முழங்கும் பீரங்கிக்குக் காப்புரிமை பெற்றார். உறுதியான உலோகக் கூடு, சிட்டிகையளவு கார்பைடு: இவையே அந்த விளையாட்டுப் பொருளின் பாதுகாப்பு.

2025 தீபாவளியின்போது போபாலில் இதே தத்துவம் பிளாஸ்டிக் குழாய்க்குள் புகுந்தது. காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அசிட்டிலீன் கலந்தாலே, பொறி பட்டதும் வெடிக்கும். வெடிக்கத் தாமதித்த குழாயினுள் எட்டிப் பார்த்த சிறுவர்களின் கண்கள் புண்பட்டன, சிலர் பார்வையிழந்தனர். வெடிக்காத குழாய் வெறுங்குழாய் அன்று!