இரண்டு வில்லைகள்
பழங்கடை வில்லைகளைத் தேடிச் சேர்ப்போர் பெரிதும் போற்றுவது, பிலடெல்பியாவின் வானமேக்கர் போன்ற பேரங்காடிகள் வழங்கிய உலோக வில்லையை. கடையின் முத்திரை உண்டு. கணக்கு எண் உண்டு. வாங்குபவர் பெயர் இல்லை! சீமாட்டி அதைக் காட்டினால் போதும், பட்டாடை வீடு தேடி வரும். பணம் பின்னர் தரலாம். தொலைந்ததைக் கண்டெடுத்தவள் அவள் கணக்கிலேயே வாங்கவும் வழியிருந்தது! 1930களில் பெயர் பொறித்த தகடு பரவிய பின்னரே அத்தொல்லை தணிந்தது.

தோழர்களே, அதே அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியச் சுரங்கத் தொழிலாளிக்கும் வில்லை கிடைத்தது. உழைத்த கூலியிலிருந்து கழித்துக்கொள்ளும் முன்பணம் அது! முதலாளியின் கடையிலேதான் அதற்கு முழு மதிப்பு. அங்கே விலை வைப்பவனும் அவனே.

சேகரிப்போர் பேழையில் இன்று இரண்டும் அருகருகே கிடக்கின்றன. சீமாட்டியின் வில்லையில் சாவிக்கொத்தில் கோக்கத் துளை. சுரங்க வில்லைகள் பலவற்றிலோ, துளையே கம்பெனியின் பெயரெழுத்து.