காரின் கம்ப்யூட்டரை மாற்றி வேகம் கூட்டுவது: கூடுவது என்ன, குறைவது என்ன?

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஆசைப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ ஒன்று. பழைய வண்டியாக வாங்கினால் கட்டுப்படியாகும் விலை, ஓட்டவும் விறுவிறுப்பு. வாங்கிய சில மாதங்களில் ஒரு நண்பர் வந்து சொல்வார்: "மாப்ள, ரீமேப் பண்ணிடு. ஒரு மணி நேர வேலைதான், எண்பது குதிரைசக்தி கூடும்." அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த எண்பது எங்கிருந்து வருகிறது என்பதை அவர் சொல்வதில்லை. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இன்றைய கார் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், தீப்பொறியை எந்த நொடியில் கொடுக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஈசியு எனப்படும் சின்னக் கம்ப்யூட்டர். இவையெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன. அந்த அட்டவணைகளை அழித்து வேறு எண்களை எழுதுவதுதான் ரீமேப். டர்போ இல்லாத எஞ்சினில் இதைச் செய்தால் பெரிதாக எதுவும் கிடைக்காது. கொடுத்த காசு வீண். டர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தைக் கூட்டிவிடலாம் என்பதால் வித்தியாசம் உடனே தெரியும்.

2013-ல் வந்த ஏழாம் தலைமுறை ஜிடிஐயை எடுத்துக்கொள்வோம். 2 லிட்டர் டர்போ எஞ்சின், 220 குதிரைசக்தி, 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ரீமேப் செய்தால் குதிரைசக்தி 300-ஐ ஒட்டி வரும், முறுக்குவிசை 400-ஐத் தாண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே காலத்தில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே கோல்ஃப் ஆர் என்ற வண்டியை 300 குதிரைசக்தியுடன் விற்றது. அடிப்படை அதே எஞ்சின் குடும்பம்தான். ஆனால் அந்த 300-ஐ எடுக்க அவர்கள் மென்பொருளை மட்டும் மாற்றவில்லை. பிஸ்டன், எக்ஸாஸ்ட் வால்வு, சிலிண்டர் ஹெட், இன்ஜெக்டர், டர்போ எல்லாவற்றையும் மாற்றினார்கள். பிரேக் தட்டுகளையும் பெரிதாக்கினார்கள். எஞ்சினைச் செய்தவனே இத்தனை பாகங்களை மாற்றி எடுத்த சக்தியை, ஒரு லேப்டாப்பும் வயரும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் எடுக்கிறோம் என்றால் இடைவெளியை எது நிரப்புகிறது? வெயில், மட்டமான பெட்ரோல், வண்டியின் வயது ஆகியவற்றுக்காக நிறுவனம் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளிதான். அதைத்தான் நாம் செலவழிக்கிறோம்.

இதில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, அதற்குப் பின்னால் இருப்பவை. கியர் குச்சி உள்ள ஜிடிஐயில் ரீமேப்புக்குப் பிறகு கிளட்ச் வழுக்கத் தொடங்குவது மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன கதை. ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் ஆறு கியர் டிஎஸ்ஜி பெட்டி 350 நியூட்டன் மீட்டருக்கு என்று வகுக்கப்பட்டது. நிறுவனம் கொடுத்த முறுக்குவிசையும் அதேதான் என்பதைக் கவனியுங்கள். அதற்கு மேல் போகும் ஒவ்வொன்றும் கியர்பாக்ஸின் ஆயுள் கணக்கில் எழுதப்படுகிறது.

எஞ்சினுக்குள் நடப்பது இதைவிட ஆபத்தானது. குறைந்த சுழற்சியில், மேல் கியரில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால், நேரடி இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சின்களில் தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. ஒரே ஒரு அடியில் பிஸ்டனின் ரிங் இருக்கும் விளிம்பு உடைந்துவிடலாம். இந்தக் கோளாறைக் குறைக்கவென்றே 2018-ல் எஸ்என் பிளஸ் என்ற எண்ணெய்த் தரத்தைக் கொண்டுவந்தார்கள். ரீமேப் செய்பவர்கள் கூட்டுவதும் பெரும்பாலும் இந்தக் குறைந்த சுழற்சி முறுக்குவிசையைத்தான். முதுகில் தள்ளுவது போன்ற அந்த உணர்வுக்குத்தானே வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார்!

பெட்ரோலையும் மறக்கக்கூடாது. அமீரக பம்புகளில் 91, 95, 98 என மூன்று ஆக்டேன் கிடைக்கின்றன. 98-க்காக எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் 95 போடுபவர்கள் இருக்கிறார்கள். அப்போது எஞ்சினுக்குள் தட்டல் வரும். சென்சார் அதை உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும். கூட்டிய சக்தி போய்விடும், சூடு மட்டும் மிஞ்சும். ஆகஸ்ட் மாத வெயிலில் இதன் விளைவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மலிவு விலையில் செய்பவர்கள் சிலர் எச்சரிக்கை விளக்கு எரியாதபடி பிழைக் குறிகளையே அணைத்து வைக்கிறார்கள். வண்டி வலிக்கிறது என்று சொல்லும் வாயையே கட்டிவிடுவது இது.

வாரண்டி இருக்கும் வண்டி என்றால் இன்னொரு சிக்கல். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டியை அதிகாரப்பூர்வ சர்வீஸில் கம்ப்யூட்டரோடு இணைக்கும்போது மென்பொருள் மாற்றப்பட்டிருப்பது தெரிந்தால் அந்த வண்டியின் பெயரில் டிடி1 என்ற குறியீடு ஏறிவிடும். எஞ்சின், கியர்பாக்ஸ் தொடர்பான வாரண்டி அதோடு மறுக்கப்படலாம். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிட்டுப் போனால் தெரியாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை கம்ப்யூட்டரில் நிற்கும்.

சட்டமும் உண்டு. அமீரகத்தில் அனுமதியில்லாமல் எஞ்சினில் மாற்றம் செய்தால் 1,000 திர்ஹம் அபராதம், 12 கரும்புள்ளிகள், 30 நாள் வண்டி பறிமுதல். இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் நம் வண்டிக்கான இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி ஷார்ஜாவில் மூன்று வருடச் சேமிப்பைப் போட்டு ஒரு ஜிடிஐ வாங்கினார். நாலாவது மாதம் கியர்பாக்ஸ் போனது. வாரண்டி இருக்கிறதே என்று தைரியமாக சர்வீஸுக்குப் போனவரிடம், இந்த வண்டிக்கு முன்பே குறியீடு ஏறியிருக்கிறது என்றார்கள். ரீமேப் செய்தது அவரல்ல, விற்றவர். அவரும் நம்மவர்தான், அஸருக்கு ஒரே பள்ளியில் தொழுகிறவர். "நீங்க கேட்கலையே" என்பதுதான் அவர் பதில். விற்கும் பொருளின் குறையைச் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்ற விதி ஆட்டுச் சந்தைக்கு மட்டுமா, காருக்கு இல்லையா?

ஆகவே பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் அதிகாரப்பூர்வ சர்வீஸில் ஒரு முறை கம்ப்யூட்டர் சோதனை போட்டுப் பாருங்கள். ரீமேப் செய்யப்பட்டதா என்று விற்பவரிடம் நேராகக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் இருந்தாலும் போதும். எக்ஸாஸ்டில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று அடியில் குனிந்து பாருங்கள். கழற்றியிருந்தால் ரீமேப் நிச்சயம் என்றே எடுத்துக்கொள்ளலாம். 300 குதிரைசக்தி வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், இன்னும் ஒரு வருடம் சேர்த்து கோல்ஃப் ஆரையே வாங்கச் சொல்லுங்கள். அதில் அந்தச் சக்திக்கு ஏற்ற பிஸ்டனும் பிரேக்கும் சேர்ந்தே வருகின்றன.