கபடியில் நெருக்கத் தடுப்பாட்டத்தை உடைக்கும் உத்திகள்

நடுக்கோட்டுக்கு அப்பால் 6.5 மீட்டர் நீளம், பக்கவாட்டு லாபிகளைக் கழித்தால் 8 மீட்டர் அகலம். ஆண்கள் கபடியில் ஏழு தடுப்பாளர்கள் நிற்கும் இடம் இவ்வளவுதான். 30 விநாடிக்குள் மூச்சு விடாமல் பாடி, அதற்குள் ஒற்றை ஆளாய்ப் போய்த் தொட்டுத் திரும்பும் ‘ரைடு’ வழிகளைப் பற்றியது இக்கட்டுரை.

கபடியின் முன்னோடிகளான தமிழ்நாட்டுச் சடுகுடுவும் மராட்டியரின் ஹுதூதூவும் ஊருக்கு ஊர் மாறிய ஆட்டங்கள். பழைய வகைகளில் ‘அமர்’ ஆட்டத்தில் அவுட்டானவரும் களத்திலேயே நிற்பார், கூட்டம் குறையவே குறையாது. ‘கமினி’யில் அவுட்டானவர் அணி முழுவதும் வீழும்வரை வெளியே இருப்பார். இன்றைய கபடி, அவுட்டானவர் உயிர்பெற்றுத் திரும்பும் ‘சஞ்சீவனி’யின் வழியில் வந்தது. 1923இல் பரோடாவின் ஹிந்த் விஜய் ஜிம்கானா விதிகளை அச்சிட்டது. முதல் ஆண்கள் தேசியப் போட்டி 1952இல் சென்னையில் நடந்தது.

தடுப்பாளர்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்பதே நெருக்கத்தின் பலம். ஓரத்துக் கார்னர் காலைப் பிடித்தால், கவர் வீரர் ஓடிவந்து மோதி மடக்குவார். இதற்கு ஆட்டம் கண்ட மிக நுட்பமான மாற்று போனஸ் கோடு என்பேன். நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டரில் உள்ள அதை, ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் இருக்கும்போது ஒரு காலைத் தூக்கி மறு காலால் கடந்தாலே ஒரு புள்ளி. யாரையும் தொட வேண்டாம். அதைக் காக்கக் கார்னர் முன்னே வந்தால் பின்னால் வழி திறக்கும். 2015இல் யூ மும்பாவுக்குப் புரோ கபடிக் கோப்பை வென்று தந்த தலைவர் அனூப் குமார் இதில் தேர்ந்தவர். பதறாத ஆட்டம் அவருடையது.

கோத்த கைகளுக்கு அடியில் குனிந்து நழுவுவது ‘டுப்கி’. அதற்குப் பெயர்பெற்ற பிரதீப் நர்வால் 2017இல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ரைடில் 8 புள்ளி எடுத்தார். பாய்ந்து மடக்க வருபவரின் மேலாகத் தாண்டுவது தவளைப் பாய்ச்சல். அஜய் தாக்கூர் அதற்குப் பெயர்பெற்றவர்.

எதிரணி நெருங்கி நின்றால் வெறும் ரைடுகள் பெருகி ஆட்டம் தேங்கும். இரண்டு ரைடுகள் வெறுமையானால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற ‘டூ ஆர் டை’ விதி, புரோ கபடியில் அந்தத் தேக்கத்தை உடைத்தது. ஆஸ்திரேலிய கால்பந்திலும் இதே கவலை எழுந்து, 2019இல் நடுப்பந்து ஆட்டத் தொடக்கத்தில் இரு அணிகளும் முன், நடு, பின் பகுதிகளில் தலா ஆறு பேராக (6-6-6) பிரிந்து நிற்க வேண்டும் என்று விதி வந்தது.

நெருக்கம் வென்ற நாளும் உண்டு. 1990 முதல் ஏழு முறை தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியை, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஈரான் 27-18 என வீழ்த்தியது. ஈரான் அணியின் இடது கார்னர் ஃபசல் அத்ராசாலி யூ மும்பாவுக்காகவும் ஆடியவர்.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28-28 என நின்றன. டூ ஆர் டை ரைடுக்குச் சென்ற இந்தியாவின் பவன் ஷெராவத், தொட்ட பிறகே நுழையக்கூடிய லாபிக்குள் யாரையும் தொடாமலே கால்வைத்தார். ஈரான் தடுப்பாளர்களும் பின்தொடர்ந்து அங்கே நுழைந்தனர். ரைடர் மட்டும் அவுட்டா, பின்தொடர்ந்தவர்களும் அவுட்டா என்பதில் பழைய விதியும் புதிய விதியும் மோத, ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. இந்தியா 33-29 என வென்றது.