பல்லும் பங்காளியும்: சிவாலிக் யானைகளின் உறவுக் கணக்கு

சென்னையின் மந்தைவெளி என்ற பெயரிலேயே ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. மந்தை போனது, புல்லும் போனது, பெயர் நின்றுவிட்டது. எது எதை மேய்ந்தது என்பதை வைத்துப் பெயரிடுவது நம் பழக்கம். பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியாவைக் ‘கடற்பசு’ என்கிறோம். 2022இல் தமிழக அரசு அதற்காக 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆனால் ஆவுளியாவுக்கும் பசுவுக்கும் கிட்டிய உறவு கிடையாது. அதன் சொந்தம் யானை. ஆண் ஆவுளியாவின் வெட்டுப்பல் தந்தமாக நீளும். பெண்ணுக்குப் பால்மடி யானைக்கு இருப்பதுபோல மார்பில் இருக்கும்.

தின்பதை வைத்து உறவு சொன்ன பிழையை மீனவர் மட்டும் செய்யவில்லை. இந்திய யானைகளின் தொல்லுயிரியலிலும் அது நெடுங்காலம் இருந்தது என்பதே என் வாதம். பல்லின் வடிவம் தீனிக்கு நல்ல சாட்சி. வம்சத்துக்கு அது மட்டும் போதாது.

1830களில் சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளர் ஹ்யூ ஃபால்கனரும், கால்வாய்ப் பொறியாளர் ப்ரோபி காட்லியும் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். அங்கே கிடைத்த ஒரு மண்டையோட்டின் தந்தங்கள் ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம். இடையே தும்பிக்கை தொங்கக்கூட இடமில்லாதபடி அவை நெருங்கி இருந்தன. அதற்கு அவர்கள் பிள்ளையாரின் பெயரையே வைத்தார்கள். இன்று அது ‘ஸ்டெகோடான் கணேசா’. ஸ்டெகோடான் என்றால் கூரைப்பல். கடைவாய்ப் பல்லின் மேல் ஓட்டுக்கூரைகளை அடுக்கியதுபோலத் தாழ்ந்த முகடுகள் வரிசையாக நிற்கும். யானையின் அழிந்துபோன உறவான மாஸ்டோடானின் பல்லில் மேடுகள், யானையின் பல்லில் மெல்லிய தகடுகள், ஸ்டெகோடான் நடுவில். அதனால் ஃபால்கனர் அதை இரண்டுக்கும் இடைப்பட்ட இனமாக வைத்தார். அன்று கையிலிருந்த சான்றுக்கு அது நேர்மையான முடிவு.

இன்றைய கணக்கு வேறு. ஸ்டெகோடான்கள் தனிக் குடும்பம். யானைக் குடும்பம் ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் உருவாகிவிட்டது. அரைக்கும் தேவை ஒன்றாக இருந்ததால் இரண்டும் தனித்தனியே முகடுகளைப் பெருக்கிக்கொண்டன. கணேசரின் பெயர் தாங்கிய விலங்கு நம் யானைக்குப் பாட்டன் இல்லை, வாரிசற்றுப் போன பங்காளி. அந்தக் குலத்தின் கடைசிக் குட்டை வடிவங்களுள் ஒன்று இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்தது.

நம் யானையின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். சிவாலிக்கில் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ‘எலிஃபாஸ் பிளானிஃப்ரான்ஸ்’ தென்படுகிறது. பின்னர் ‘எலிஃபாஸ் ஹைசுட்ரிகஸ்’. இரண்டாவதே ஆசிய யானையின் மூதாதை என்று பலரும் கருதுகின்றனர். தகடுகள் கூடின, பல்லின் உயரம் ஏறியது. புல்லில் மணல்துகள் போன்ற சிலிக்கா உண்டு, கூடவே மண்ணும் வாய்க்குள் போகும். தாழ்ந்த பல் சீக்கிரம் தேயும். யானைக்கு ஒவ்வொரு தாடைப் பாதியிலும் வாழ்நாளில் ஆறு கடைவாய்ப் பற்கள்தான். ஒன்று தேய்ந்து முன்னே நகர, பின்னிருந்து அடுத்தது வரும். ஆறாவதும் தேய்ந்துபோன கிழ யானை, சுற்றிலும் தீனி இருந்தும் பட்டினியில் மெலிந்து சாகும். ஒரு பல்லின் உயரத்தில் இத்தனை உயிர் அடங்கியிருக்கிறது.

தொல்லுயிரியலாளர் ஏட்ரியன் லிஸ்டர் 2013இல் கிழக்கு ஆப்பிரிக்கப் புதைபடிவங்களைக் கொண்டு காட்டியது இங்கே முக்கியம். அங்கே யானையினங்கள் புல்லுக்கு மாறிச் சுமார் 30 லட்சம் ஆண்டுகள் கழித்தே பல் உயர்ந்தது. பழக்கம் முந்தியது, உடல் பின்னால் வந்தது. பல் தீனியைச் சொல்லும்போதுகூடத் தாமதமாகவே சொல்கிறது.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. நருமதைப் படுகையில் கிடைத்த ‘நமாடிகஸ்’ என்ற யானை, நிலத்தில் நடந்த மிகப்பெரிய பாலூட்டிகளுள் ஒன்று. பல்லையும் மண்டையையும் பார்த்து அதை நெடுநாள் ஆசிய யானையின் பேரினமான எலிஃபாஸில் சேர்த்திருந்தார்கள். அதன் ஐரோப்பிய உறவான நேர்த்தந்த யானையின் எலும்புகள் ஜெர்மனியில் கிடைத்தன. அவற்றின் டிஎன்ஏவை 2017இல் படித்தபோது, தாய்வழி மரபு ஆப்பிரிக்கக் காட்டு யானையோடு போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு முழு மரபணுத்தொகுதி, அது ஆப்பிரிக்கக் கிளையை ஒட்டிய கலப்பு வம்சம் என்றது. ஆசிய யானைக்கு மிக நெருங்கிய சொந்தமோ பனிநாட்டு மாமூத்.

பல்லைக் கைவிட வேண்டுமா என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. நருமதையின் வெப்பத்தில் டிஎன்ஏ நீடிப்பது அரிது. ஆனால் பற்சிப்பியின் புரதம் அதைவிட உறுதியானது. தென்சீனக் குகையில் கிடைத்த ஜைஜாண்டோபிதிகஸ் குரங்கின் 19 லட்சம் ஆண்டுப் பழமையான பல்லிலிருந்து 2019இல் புரதம் எடுத்து, அதன் உறவு ஒராங்குட்டானோடு என்று காட்டினார்கள். அதுவும் வெப்பமான நிலம்தான். நமாடிகஸின் பற்களும் கணேசாவின் பற்களும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இதுவரை அவற்றின் வடிவத்தைத்தான் கேட்டிருக்கிறோம். பற்சிப்பியைக் கேட்கும் வேலை மீதமிருக்கிறது.